ஏழாம் காலம்

படிவத்தில் ஏழாம் காலம் காலியாக இருக்கிறதாம்.
ஹித் உலர்துறை, பாதுகாப்பு அலுவலகம்,
ஏசி தண்ணீர் ஒழுகும் கன்டெய்னர் அறை.
டெல்மா மேடம் பேனாவைத் திருப்பிப் பிடித்துத் தட்டிக் காட்டுகிறார்:
‘அந்த முடிவை எடுத்ததற்கான காரணம்.’

மற்ற ஆறையும் நிரப்பிவிட்டேன்.
பெயர் சூசைராயன். வேலை கிரேனுக்குக் கை காட்டுவது.
காற்று வடமேற்கு. தகடு இரண்டே கால் டன்.
காலை பத்து நாற்பத்திரண்டு.
காலம் என்றால் இங்கே வெறும் கட்டம்தான்,
ஆனாலும் அதை நிரப்பு என்றால்
கை யோசிக்கிறது.

நடந்தது இவ்வளவுதான்.
பெல்ட் ஒரு பக்கம் நழுவியது.
தகடு தலையைச் சாய்த்தது,
பிறகு யாரையோ தேடிக்கொண்டு ஆடப் புறப்பட்டது.
அது போகிற வழியில் மொஃபிசுல்,
அவன் முதுகுக்குப் பின்னால் கப்பல்,
காது இரண்டிலும் அடைப்பான்.
மேலே கூண்டுக்குள் பல்பீருக்கோ
கீழுலகத்தில் தெரிவது ஒன்றே ஒன்று,
என் கை.

விதி ரொம்பச் சின்னது.
ஆபத்தென்றால் கையை நீட்டு. எல்லாம் நிற்கும்.
யார் நீட்டினாலும் நிற்கும்,
டீ கொண்டுவருகிற பையன் நீட்டினாலும்.

நான் நீட்டவில்லை.
சுட்டுவிரலைத் தரைக்குக் காட்டிச் சுழற்றினேன்,
இறக்கு, இறக்கு, இறக்குடா பாவி.
பல்பீர் ஏன் என்று கேட்காமல் இறக்கினான்.
மொஃபிசுலுக்கு ஒரு முழம் முன்னால்
தகடு விளிம்பால் குத்திக் கான்கிரீட்டை உழுது நின்றது.
விளிம்பு மடங்கிவிட்டது, ஆயிரத்து நானூறு தினார்.
அதற்குத்தான் இந்தப் படிவம்.
ஆள் மடங்கியிருந்தால்
இதைவிட நீளமானது ஒன்று உண்டு.

‘எப்போது முடிவெடுத்தாய்?’
கேமராப் படத்தை நிறுத்தி நிறுத்தி ஓட்டினார்.
பெல்ட் நழுவுகிறது.
கை இறங்குகிறது.
முகம் மட்டும்
வெல்டர் தங்கக்கனி சொன்ன கெட்ட ஜோக்குக்கு
இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறது.
சிரிப்பு கலைய மேலும் பதினாலு படம் ஆகிறது.
அந்தப் பதினாலுக்குள்
நான் எங்கே இருந்தேன் மேடம்?

நிறுத்தச் சொல்லியிருந்தால்
கயிறு நின்றிருக்கும், தகடு நின்றிருக்காது,
வீசிப்போய் அவனைக் கப்பலோடு ஒட்டியிருக்கும்.
இது மத்தியானம் மோர்ச்சோறு பிசையும்போது
நானே எனக்குச் சொல்லிக்கொண்ட காரணம்.
எழுதலாம். அழகாகத்தான் இருக்கும்.

ஆனால் போன ரமலானில்,
இதே துறை, இதே கை,
ஷாக்கிள் கழன்றபோது
பாக்கெட்டுக்குள் லைட்டரைத் தடவிக்கொண்டிருந்தது.
பிச்சுமணிக்குப் பெருவிரல் போனது.
அன்றைக்குக் கேமரா ரிப்பேர்.
ஏன் அசையவில்லை என்று கேட்க
எந்தப் படிவத்திலும் காலம் இல்லை.

வெளியே மொஃபிசுல் காத்திருந்தான்.
நன்றி சொல்வானோ என்று பயந்தேன்.
அவனுடைய கையுறை ஒன்று
தகட்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டதாம்,
ஒற்றைக் கைக்கு மட்டும் ஸ்டோரில் புதுசு தருவார்களா
என்று கேட்டான்.

கடைசியில் எழுதினேன்: பழக்கம்.
டெல்மா மேடம் அதை அடித்துவிட்டுப்
பயிற்சி என்று திருத்தினார்.
கையெழுத்துப் போட்டேன்.

கேம்ப் பஸ்ஸில் போன் அதிர்கிறது. தேன்மொழி.
‘அந்த ரெண்டரை சென்ட்டை முடிச்சிரலாமா, வேணாமா?
புரோக்கர் மறுபடியும் வந்துட்டுப் போறார்.’
பதினோரு நாளாக இதே கேள்வி.
ஆமாம் என்று அடித்து அழித்தேன்.
வேண்டாம் என்று அடித்து அழித்தேன்.
பாலம் தாண்டி, சிக்னல் தாண்டி,
பெட்ரோல் பங்க் தாண்டி
சுட்டுவிரல் கண்ணாடிக்கு மேலே
தொங்கிக்கொண்டே வருகிறது.