கைப்பிடிக்கு ஒரு வாசகம்

நாகாஓகாவில் பனி கொட்டிய ஒரு செவ்வாய்க்கிழமை
மூன்றாம் மாடிக் கூட்ட அறையில்
குளியலறைக் கைப்பிடி ஒன்று
மேசை நடுவே கிடந்தது,
எதையும் பிடித்துக்கொள்ளாமல்.

வாடிக்கையாளர் கேட்டது ஒரே வரி.
பழையதாக இருக்க வேண்டும்,
புதிதாகக் கேட்க வேண்டும்,
பேருந்தின் முதுகில் அடங்க வேண்டும்.

பழமொழியை எடுங்கள் என்றார் கஸாமா.
அதற்கு உரிமைத்தொகை கிடையாது.
சொன்னவன் செத்து, அவன் ஊரும் பெயர் மாறி,
வழக்குப் போட வாரிசு இல்லை.

நான் இதில் பழம் தின்று கொட்டை போட்டவள்.
'கல்லின் மேலும் மூன்று வருடம்';
விடாமல் உட்கார்ந்தால் கல்லும் சூடேறுமாம்.
அதை மின்சார மெத்தைக்கு விற்றேன்:
மூன்று வருடம் எதற்கு, மூன்றே நிமிடம்.
'நற்பேறு வரும்வரை தூங்கிக் காத்திரு'
தலையணைக்குப் போயிற்று.
'பூவைவிட மாவுருண்டை மேல்'
செர்ரி பூக்கும் வாரத்தில் ரயிலடிப் பலகாரக் கடைக்கு.
'பூனைக்குப் பொற்காசு' மட்டும் விலைபோகவில்லை.
வாங்குகிறவரைப் பூனை என்கிறீர்களா என்று
சட்டப் பிரிவு சிவப்பு மையில் கேட்டது.

கைப்பிடிக்கு வந்து விழுந்தது இது:
ஏழு முறை விழு, எட்டு முறை எழு.

கணக்கு உதைக்கிறதே என்றான்
பயிற்சிக்கு வந்திருந்த தோகாஷி.
ஏழு முறை விழுந்தவன்
ஏழு முறைதானே எழ முடியும்?
கஸாமா விரல் விட்டு எண்ணிப் பார்த்தார்,
ஒரு விரல் மிஞ்சியது.
பிறக்கும்போதே படுத்துக்கொண்டுதானே வருகிறோம்,
முதல் எழுதல் அங்கே என்றேன்.
அந்த வாய்ச் சாமர்த்தியத்துக்கே
ஒப்பந்தத்தில் முத்திரை விழுந்தது.

ஆறு பேருந்துகளின் முதுகில்
என் வரி ஊர் சுற்றியது.
பனி கரைக்க நடுத்தெருவில் பீச்சும் குழாய்களின்
துருத் தண்ணீர் தெறித்துத் தெறித்து
'எழு' மங்கி
'விழு' மட்டும் பளிச்சென்று போன நாளும் உண்டு.
விற்பனை குறையவில்லை.

பிப்ரவரியில் ஓர் அஞ்சலட்டை.
நிறுவனத்துக்கு வந்து, கைமாறி, என் மேசைக்கு.
பேனா அழுத்தியது பின்பக்கம் வரை தெரிந்தது.

'உங்கள் கைப்பிடி நல்ல பொருள். குறை இல்லை.
என் கணவர் விழுந்தது ஒரே முறை.
மீதி ஆறை என்ன செய்வதென்று தெரியவில்லை.
உங்களுக்குத் தேவைப்படலாம்.
குவாயாமா ஃபுயுகோ.'

தோகாஷியும் வாசித்தான்.
இம்முறை கணக்கைப் பற்றி
எதுவும் சொல்லவில்லை.

மன்னிப்புக்கென்று அலுவலகத்தில்
அச்சடித்த தாள் உண்டு.
பருவத்தை விசாரித்துத்தான் தொடங்கும்:
'பனி ஆழ்ந்துவரும் இந்நாட்களில் நலமா.'
அதற்கு மேல் என்னால் போக முடியவில்லை.

இரவு எட்டு மணிக்கு சூப்பர் மார்க்கெட்டில்
பாதி விலைச் சீட்டு ஒட்டும் பையன்.
அவன் தலைக்கு மேலே தொங்கியதும்
நான் எழுதிக் கொடுத்ததுதான்:
மிச்சத்தில் இருக்கிறது அதிர்ஷ்டம்.
மிச்சம் இருந்தது வறுத்த கானாங்கெளுத்தி,
இரண்டு துண்டு,
இருவருக்கான பொட்டலம்.
அந்த அம்மாளும் இந்நேரம் எங்கோ
இப்படியொரு பொட்டலத்தின் முன்
நின்றுகொண்டிருப்பார் என்று தோன்றியது.
தோன்றியது என்ன, நின்றுகொண்டுதான் இருப்பார்.

வாரிசு இல்லாத சொல் என்றல்லவா எடுத்தேன்.
வழக்குப் போடவில்லை அவர்;
சில்லறையை மட்டும் எண்ணித் திருப்பித் தந்துவிட்டார்.

மாதிரிக்கு வந்த கைப்பிடியை
அன்று வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.
திருகாணி இல்லை, துளைபோடவும் தெரியாது.
குளியல் தொட்டியின் ஓரம்
சுவரில் சாய்த்து வைத்திருக்கிறேன்.
பார்க்க உறுதியாகத்தான் இருக்கிறது.
பிடித்தால்
கூடவே வந்துவிடும்.