ஃபெவிகால் காயும்வரை

ஞாயிறு காலை பட்டினப்பாக்கத்தில்
நாலு குடும்பம், ஏழு சாக்கு.
பெனிட்டா கையுறை பங்கு வைத்தாள்.
அவள் மகன் எல்லோரையும் அதட்டினான்.

பொறுக்கியதில் பச்சை மூடிகளை மட்டும்
ஒளித்துக்கொண்டு வந்திருக்கிறாள் தாரிகா.
மத்தியானம், மின்விசிறியை நிறுத்திவிட்டு
(காகிதம் பறக்கிறதாம்)
வேர்க்க வேர்க்க ஒட்டினாள்
ஓர் ஆமையை.

மற்ற அம்மாக்களின் படங்கள் வந்துவிட்டன:
தெர்மாகோல் கலங்கரை விளக்கம்,
ஸ்ட்ராவில் ஒரு மயில்.
நான் வெளிச்சம் பார்த்து, போனைச் சாய்த்து,
'நாலாவது துடுப்பு எங்கேடி?' என்றேன்.
அவசரமாக ஒன்று வெட்டியும் வைத்தேன்.

'அதுக்கு மூணுதான்மா.
வலையோட கிடந்துச்சே.
நீ என் கண்ணைப் பொத்தினே,
விரல் சந்துல தெரிஞ்சுது.'

படம் எடுக்கவில்லை.
இந்தக் கையில்
காய்ந்த பசை தோலாய் உரிகிறது.
அந்தக் கையில் இன்னும்
ஒரு பச்சைத் துடுப்பு.