சோடி பிரித்தல்

தார் ஒன்பது கிலோமீற்றர்.
கிறவல் மூன்று.
குளக்கட்டு ஒன்றரை, அதுவும் மழை இல்லாவிட்டால்.
மழை என்றால் அந்த ஒன்றரையை
அளக்கிற கோல் ஒருவரிடமும் இல்லை.

இந்தக் கணக்கோடுதான் ஒட்டுசுட்டானில்
தயாபரனின் கடைக்குள் ஏறினேன்.
கிழமைக்கு நாலு லீற்றர் பெற்றோல் என்கிறார்கள்,
செவ்வாய்க்கிழமையே அது முடிந்துவிடுகிறது.
மோட்டார் சைக்கிளில் கோழி படுக்கிறது.
முத்தையன்கட்டிலிருந்து நாற்பது லீற்றர் பால்
என் முழங்காலில் வருகிறது.
ஏழரைக்குப் பவுசர் எடுத்துவிடுவான்.
ஏழு நாற்பதுக்குப் போனால்
அவ்வளவு பாலையும் நானே குடிக்கலாம்.

இரண்டு சோடி இறக்கிப் போட்டான்.
ஒன்று மொழு ரயர்.
நடுவில் நகத்தால் கீறியதுபோல நாலு வரி.
தாரில் சத்தமே வராது,
கடன்காரர் வாசலைக் கடக்க நல்லது.
மற்றது கட்டை ரயர்.
தடவிப் பார்த்தேன், பலாப்பழத்தின் முதுகு.
மண்ணைக் கவ்வும். ஆனால் தாரில் ஊமென்று உறுமி
ஒவ்வொரு கட்டையும்
ஒரு வாய் மூச்சைத் தின்னும்.

கூடின தூரத்துக்கு வாங்குவதா,
கெட்ட தூரத்துக்கு வாங்குவதா?

ஒன்பது பெரிய இலக்கம்தான்.
ஆனாலும் தாரில் நான் ஒருநாளும் விழவில்லை.
விழுந்தது கட்டில், முதல் மழைக்கு,
யானை லத்தியை விலத்தப் போய்.
இருபத்திரண்டு லீற்றர் குளத்துக்குள் இறங்கியது.
தண்ணீர் கொஞ்ச நேரம் வெளுத்து நின்றது,
பிறகு ஒன்றும் நடக்காத மாதிரிக் கிடந்தது.

அந்த விழுகையைத் திரும்ப ஒருமுறை
மெதுவாக ஓட்டிப் பார்த்தேன், கடைக்குள் நின்றபடி.
வழுக்கினது முன்சில்லு.
பின்சில்லு பாவம்,
பாலைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தது, அவ்வளவே.

"முன்னுக்குக் கட்டை, பின்னுக்கு மொழு."

"சோடி பிரிக்கேலாது அக்கா.
மிஞ்சுற ரெண்டையும் ஆர் வாங்குறது?"

"நான்" என்றது வாசல்.
ஐஸ் ஒழுகும் பெட்டியோடு ஒருவன்.
டெஸ்மன் என்று பெட்டியில் எழுதியிருந்தது.
"வாடியில இருந்து றோட்டுக்கு நானூறு மீற்றர் மணல்.
பின்சில்லு புதைஞ்சுதெண்டால் நான்தான் மாடு.
முன்சில்லு என்னவெண்டாலும் எனக்கு ஒண்டு."

நாலு ரயரும் சீமெந்தில் கிடக்க
ஆளுக்கொரு பக்கம் குந்தினோம்,
சம்பந்தம் பேச வந்த இரண்டு வீட்டார்போல.
அவனிடம் ஒரு கட்டை, ஒரு மொழு.
என்னிடம் ஒரு கட்டை, ஒரு மொழு.
ஒருவருக்கொருவர் ஒரு ரூபாவும் பாக்கியில்லை.
தயாபரன் மட்டும்
எதையோ களவு கொடுத்தவன் மாதிரி
கொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

களி ஏறினால் கட்டையும் மொழுதான்.
இதை அவன் சொல்லவில்லை.
சொல்லியிருந்தாலும் வாங்கியிருப்பேன்.
இப்போதும் மழை நாளில் கட்டின் நடுப்பகுதியை
நடந்துதான் கடக்கிறேன்,
ஈர்க்கால் இடுக்கு இடுக்காகச் சேறு நோண்டி.
தார் தொடங்கும் பாலைமரத்தடியில் காற்றடிப்பு,
பின்னுக்கு நாற்பது, முன்னுக்கு இருபது.
வரும்போது அதே மரத்தடியில்
வால்வைத் தளர்த்திப் பத்துவரை எண்ணுகிறேன்.
பால் நிறுக்கிறவன் கேட்டான்,
ஏன் உங்கட சைக்கிளுக்கு ரெண்டு முகம்?

ஈரக் கிறவலில் ஒன்று கவனித்தேன்.
நேரே போகையில் முன்சில்லு எழுதுவதைப்
பின்சில்லு அழித்துவிடுகிறது.
என் தடம் முழுக்க மொழு,
கட்டை வாங்கின காசு எங்கே போனதென்று தெரியாது.
திரும்புகிற இடத்தில்தான்
இரண்டும் விலகி, இரண்டும் தெரியும்.

இன்றைக்குச் சந்திக்கு முன்னால், சேற்று ஓரத்தில்
வளைந்து போகிறது இன்னொரு தடம்.
உள்ளுக்குக் கட்டை, வெளியே மொழு.
முந்திவிட்டான்.

ஏழு இருபத்தாறு. பவுசர் நிற்கிறது.
மத்தியானம் சூடைக் குழம்பு.