ஈரக்கோடு

ஆறாவது வருடம்.
தாழங்குடாவில் எனக்கு ஒரு பெயர் இருக்கிறது:
டேப்புக்காரி.

முதல் வருடம் நான் நட்ட கல்
இரண்டாம் வருடம் அலைக்குள் நின்றது.
மூன்றாம் வருடம் அது வெறும் எண்,
தசமப் புள்ளிக்குப் பின்னால் ஆறு இலக்கம்.

கரை என்று எதைச் சொல்கிறீர்கள், என்றார்கள் குழுவில்.
அலை ஏறித் திரும்பிய ஈரமா,
சருகும் தெர்மாகோலும் ஒதுங்கிய வரியா,
அடப்பங்கொடி தொடங்கும் இடமா?
ஈரம், என்றேன்.
எந்த நேரத்து ஈரம்?
ஏசி ஓடிக்கொண்டிருந்தது.
நேரம் குறித்த பக்கத்தில்தான்
டீ கொட்டி, மை கரைந்திருந்தது.

பழைய செயற்கைக்கோள் படத்தில்
ஒரு கட்டம் முப்பது மீட்டர்.
அதற்குள் ஏழு படகு, வலை காயும் மேடு,
நீலச் சுவர் வீடு, அதன் வாசலில் சைக்கிள்,
எல்லாம் சேர்ந்து ஒரே சாம்பல்.
'பிழை வரம்புக்குள் ஒரு தெரு அடங்குகிறது'
என்று எழுதினேன். அழித்தேன்.
'ஏற்கத்தக்க அளவு' என்று எழுதினேன்.

உதவித்தொகை நவம்பரோடு நின்றுபோனது.
மண்ணை அளக்க இத்தனை வருஷமா, என்கிறான் அண்ணன்.
மண் நின்றால் ஒரு நாள் போதும்.

மீன்கூடையை இறக்கிவைத்துவிட்டு
இடுப்பிலிருந்து ஒரு பாலிதீன் பையை எடுத்தாள் அஞ்சலாட்சி.
உள்ளே பத்திரம், நாலு சென்ட்.
போன மார்ச் வரை வரி கட்டிய ரசீதுகள்,
தேதி வாரியாக, ரப்பர் பேண்ட் போட்டு.
என் தரவுகூட இவ்வளவு ஒழுங்காக இல்லை.
'இது இப்ப எங்க இருக்கு? சொல்லு.'

இரவு, விடுதி அறையில்,
புலப்பட வரைபடத்தைப் படத்தின் மேல் பொருத்தினேன்.
நான்கு மூலையும் நீலத்தில் விழுந்தன.
பத்திரம் சொல்கிறது:
பச்சையப்பன் வீட்டுக்குத் தெற்கு,
பொதுவழிக்கு வடக்கு,
சமுத்திரத்துக்கு மேற்கு.
வீடும் இல்லை, வழியும் இல்லை.
சமுத்திரம் மட்டும்
சொன்ன சொல்லை மீறி
மேற்கே வந்து நிற்கிறது,
நாற்பத்தொரு மீட்டர்.

இரண்டு முறை சரிபார்த்தேன்.
வெட்கமாக இருந்தது,
விடை கிடைத்த மகிழ்ச்சி.

'சீல் இருக்கா?' என்றாள், தாளைத் திருப்பிப் பார்த்து.
'இல்லக்கா.'
'சீல் இல்லாம திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல
யாரு வாங்குவா?'

துறை அலுவலகத்தில் சீல் இருந்தது,
மேசை இழுப்பறையில், மைத்தாளோடு.
வாய்மொழித் தேர்வுக்கு முன்
முடிவுகள் வெளியே போகக்கூடாது, என்றார் கிருபாகரன்.
நெறியாளர் டேராடூனில், கருத்தரங்கில்.
படம் 5.7, பக்கம் நூற்று நாற்பத்து மூன்று:
மூன்று பேர் படிப்பார்கள்,
அதில் ஒருவர் முடிவுரையை மட்டும்.

மஞ்சக்குப்பத்தில் கலர் பிரிண்ட் முப்பது ரூபாய்.
கடை வாசலில், ஒரு ஸ்கூட்டர் சீட்டின் மேல் வைத்து,
கையெழுத்துப் போட்டேன்.
பெயருக்கு முன்னால் போட இன்னும் எதுவும் இல்லை.
பெயருக்குக் கீழே என்ன எழுதுவது?
'அளந்தவர்' என்று எழுதினேன்.
மை காயும் முன்பே மடித்துவிட்டாள்.
பிரித்தபோது பார்த்தோம்,
என் பெயர் இடவலம் மாறி
கடலுக்குள் பதிந்திருந்தது,
ஏறத்தாழ அவள் மனையில்.
'பரவால்ல,' என்றாள், 'அங்க ஆளு இருக்கட்டும்.'

திங்கள் என்ன நடந்தது என்று தெரியவில்லை.
மனுவுக்கு எண் கொடுத்தார்களாம்.

செவ்வாய், காலை ஆறு பத்து.
டேப்பின் மறுமுனையை ஒரு நாய் முகர்ந்துகொண்டிருந்தது.
ஈரக்கோடு மேற்கே இன்னும் ஒன்றேகால் மீட்டர்.
குறித்துக்கொண்டேன், நேரத்தோடு,
இந்த முறை பென்சிலால்.