மாநிலத்துக்கு ஒருவன்

விதியை மரியசூசைதான் போட்டார்:
மாநிலத்துக்கு ஒருவன். ஒருவன் மட்டும்.
நாசி லெமாக் பொட்டலத் தாளை விரித்து
எண்ணெய் படாத மூலையில் எழுதத் தொடங்கியபோது
டத்தோ கிராமாட் சாலையில் மழை பிடித்துக்கொண்டது.
இனி யாரும் வீட்டுக்குப் போவதாயில்லை.

கெடா எளிது. ஒரே வாயாய்ச் சொன்னோம்:
பாலிங் ஷுக்கோர்.
இடது கால் ஒன்றுதான் அவனுக்குக் கால்;
வலது, நிற்பதற்கு.

கிளந்தானுக்கு ரம்லி எழுந்தே நின்றுவிட்டார்.
"வான் முஸ்தாபாவை விட்டுட்டு
எவன் பேரை எழுதினாலும்
இந்தத் தேத்தண்ணிக்கு நான் காசு தரமாட்டேன்."
எப்போது தந்தார்?

தைப்பிங் நல்லதம்பியில் வண்டி நின்றுவிட்டது.
பிறந்தது பேராக்கில், ஆடியது சிலாங்கூருக்கு.
பிறந்த மண்ணா, போட்ட சட்டையா?
இதற்கே இரண்டு சுற்று தே தாரிக் போயிற்று.
"பொண்ணு பொறந்த வீட்டுக்கா, புகுந்த வீட்டுக்கா,
அப்படித்தான் லா இதுவும்" என்றார் ஆ லெக், நல்ல தமிழில்.
கல்லாவிலிருந்து மைமுன் நிமிர்ந்து பார்த்தாள்.
உவமையை அவரே திரும்ப வாங்கிக்கொண்டார்.

சபாவில் ஒருவனையும் நாங்கள் கண்ணால் கண்டதில்லை.
வானொலியில் கேட்ட பெயர்தான், கெனிங்காவ் ஜஸ்டின்.
வானொலியில் எல்லாரும்
வேகமாகத்தான் ஓடுகிறார்கள்.
எழுதினோம்.

பெர்லிஸ்.
தகரக் கூரைக்கு மட்டும் அபிப்பிராயம் இருந்தது.
"ஓங்கி உதைச்சா பந்து சயாம்ல போய் விழும்,
அங்கே எங்கேயிருந்து ஆட்டக்காரன்?"
குவேந்திரன் கேட்டு முடிக்குமுன்
"கங்கார்ல என் மாமி மகன் கோல் கீப்பர்" என்றாள் மைமுன்,
சில்லறையை எண்ணியபடியே.
எத்தனை கோல் விட்டான் என்று
கேட்க எவருக்கும் துணிவில்லை.
அவனும் தாளில் ஏறினான்.

கடைசியில் எங்கள் பினாங்கு.
ஜெலுத்தோங் பவுல்தாஸ். இதில் பேச்சே இல்லை.
ஆனாலும் பேசினார்கள்.
பேராக்கோடு அந்த அரையிறுதி, எண்பத்தெட்டாவது நிமிடம்,
வலைக்குள் பந்து, அரங்கமே எழுந்து நிற்க
கோட்டோரம் ஒரு மஞ்சள் கொடி.
"அந்தக் கோல் நின்னிருந்தா
மாநிலம் பார்த்தா எழுதுவோம் அவனை? நாட்டுக்கே ஒருத்தன்."
பிறகு கொடிக்காரனுக்கு வந்தார்கள்,
வாராவாரம் வருவதுபோல.
குருடன். காசு வாங்கினவன். பேராக்காரன்.

மூன்றாவது மட்டும் உண்மை.
நான் பிறந்தது சுங்கை சிப்புட்.

அப்போது தலையில் முடி இருந்தது, மீசை இருந்தது.
கோட்டோரம் ஓடுகிறவன் முகத்தை
யார் பார்த்தார்கள்?
இந்த மேசைக்கு நான்
தண்ணீர் மீட்டர் படித்து ஓய்வு பெற்றவன்,
சீனி குறைவாய்க் குடிப்பவன், அவ்வளவுதான்.

அன்றும் மழை.
நனைந்த கொடி ஒரு கோழி கனம் கனத்தது.
பவுல்தாஸின் தோள் முந்தியதா,
கடைசித் தடுப்பாளனின் முழங்கால் முந்தியதா,
பார்த்ததால் கை எழுந்ததா,
எழுந்த கைக்காகப் பிறகு பார்த்தேனா,
முப்பத்தாறு வருடமாய்
படுக்கையில் திரும்பித் திரும்பி
இரண்டு பக்கமும் ஓடிப் பார்க்கிறேன்.

எல்லாரும் என்மேல் பாய்ந்தபோது
அவன் மட்டும் நடந்து வந்தான். மூச்சு வாங்கியது.
"அண்ணே, சரியாப் பாத்தீங்களா?"
"பாத்தேன்" என்றேன்.
தலையாட்டிவிட்டுப் போனான்,
அவ்வளவு பெரிய ஆட்டக்காரன்.

பெயரை எழுதி அடிக்கோடு போட்டு
மரியசூசை பேனாவை என் பக்கம் நீட்டினார்.
"நீ ஒண்ணுமே சொல்லலியே. என்ன நெனைக்கிறே?"

வெளியே பார்த்தேன்.
"மழை விட்டுடுச்சி" என்றேன்.

விடவில்லை.
ஆனால் எல்லாரும் எழுந்துகொண்டார்கள்.