கொம்பு உடைந்த மான்

உவர்மலையில் ஓர் அறை எடுத்தேன்.
'காஸ் சிலிண்டர் உள்ளே வரக்கூடாது'
ஒப்பந்தத்தின் மூன்றாம் வரி.
ஆகவே வந்தது
ஒரு கறுப்புக் கண்ணாடிச் சதுரம்.
அதில் தீ இல்லை.
குனிந்தால் என் முகம்,
கொஞ்சம் வீங்கி.

கையோடு இருந்த அலுமினியத் தாச்சியை வைத்தேன்.
மூன்று தரம் கீச்சிட்டு அணைந்தது.
சட்டி மேலே இருக்கிறது,
சட்டி இல்லை என்கிறது அடுப்பு.
எனக்கொன்றும் புதிதில்லை.
கச்சேரியில் நான் இருக்கும் மேசையில்
முன்னால் நிற்கிற ஆளுக்கே
'அப்படி ஒருவர் பதிவில் இல்லை' என்று
நாளுக்கு நாலு பேரிடம் சொல்கிறவள் நான்.

பிரிட்ஜ் கதவில் ஒரு மான் இருந்தது,
கோட்டை வாசலில் வாங்கிய காந்தப் பொம்மை.
ஒரு கொம்பு இல்லை.
கைப்பையில் போட்டுக்கொண்டு
மத்திய வீதிக்கு இறங்கினேன்.

ஜவுபரின் கடையில்
பாத்திரங்கள் கூரையில் காய்த்துத் தொங்கும்.
ஒவ்வொன்றாய் இறக்குவித்து
அடியில் மானை வைத்தேன்.
பூப்போட்ட நான்ஸ்டிக்: வழுக்கி விழுந்தது.
செம்பு அடிக்காரி: விழுந்தது.
எவர்சில்வரில் ஒன்று பிடித்தது,
அதே பெட்டியில் வந்த அதன் தங்கை பிடிக்கவில்லை.
'இண்டக்ஷனுக்கு உகந்தது' என்ற ஸ்டிக்கரோடு ஒன்று.
ஸ்டிக்கர் நன்றாக ஒட்டியிருந்தது.
மான் ஒட்டவில்லை.

கதவு அடிக்காமலிருக்க
முட்டுக் கொடுத்திருந்த இரும்புத் தாச்சியில்
டக்கென்று பாய்ந்து தொங்கியது.
பிடுங்க இரண்டு கை வேண்டியிருந்தது.
ஆனால் அதற்கு உருண்டை அடி,
கண்ணாடியில் வைத்தால் தொட்டிலாய் ஆடும்.

"தங்கச்சி, இதையும் ஒருக்காப் பாருங்கோவன்"
பாலையூற்று டொரத்தி அக்கா
தன் சட்டியை நீட்டினா.
அவவுக்குப் பின்னால் ஒரு பொலிஸ்காரர்,
அவருக்குப் பின்னால் பால்மாப் பையோடு ஒரு தகப்பன்.
விழுந்த ஒவ்வொரு தரமும்
ஜவுபரின் முகம் கறுத்தது.
பிறகு ஏனோ
எனக்கு ஒரு பிளேன்டீ வந்தது.

எட்டு அங்குலச் சட்டி ஒன்றைக் கடைத்தரையில் கவனமாய் வைத்து
விளிம்பால் ஒரு ரூபாய்க் குற்றியை நுழைத்துப் பார்த்தேன்.
நுழையவில்லை. வாங்கினேன்.

அன்றிரவு பசி.
இரண்டாயிரம் வாட்டில் அமத்தினேன்.
எண்ணெய் ஊற்றுமுன்னே 'டங்' என்றது சட்டி.
நடு அடி பிதுங்கி
தட்டினால் பம்பரமாய்ச் சுற்றியது.
முட்டை நடுவில் நிற்காமல்
நாலாபக்கமும் ஓடி
விளிம்பில் ஒளிந்துகொண்டது.
மெல்லிய தகடு என்று
மான் சொல்லவில்லை.
அவசரக்காரி என்று
என்னிடம் ஒருவரும் சொல்லாமலுமில்லை.

அடுத்த கிழமை மறுபடி போனேன்.
"பாவிச்சதை எடுக்க ஏலாது" என்றார், பார்க்காமலே.
இந்த முறை
தூக்கியதும் மணிக்கட்டு முறையிட்ட சட்டி,
அடி விரல் தடிப்பு.
போகும்போது கேட்டார்:
"அந்த மானை விட்டுட்டுப் போறீங்களா, மிஸ்?"

இப்போது அறுநூறில் தொடங்குகிறேன்.
துளி எண்ணெயோடு இரண்டு நிமிஷம்.
சட்டி இலையான் போல மெல்ல ரீங்கரிக்கும்.
எண்ணெயில் நெளிவு தெரிந்த பிறகு
மஞ்சள் பூசிய கும்பிளாத் துண்டுகள்.
உடனே பிரட்டப் பார்த்தால் தோலை விடாது.
பொறுத்தால் தானாய் விடும்.
சட்டியைத் தூக்கிக் குலுக்கவும் கூடாது,
தூக்கினால் அடுப்பு பழையபடி
'சட்டி இல்லை' என்று அழும்.

நேற்று, பாதி மீனில் கரண்ட் போனது.
உவர்மலை முழுக்க இருட்டு,
கீழே துறைமுகத்தில் ஒரு கப்பலுக்கு மட்டும் வெளிச்சம்.
ரீங்காரம் நின்றது, பொரியும் சத்தம் நிற்கவில்லை.
தடித்த அடி வைத்திருந்த சூட்டில்
மறுபக்கமும் வெந்தது,
கொஞ்சம் வெளிறினாலும்.

இன்று பஸ்ஸிலிருந்து கடையைப் பார்த்தேன்.
பாத்திரங்கள் இரண்டு வரிசையாய்ப் பிரிந்திருந்தன.
நடுவில் நூலில் தொங்குகிறது என் மான்.
காற்றுக்குத் திரும்பித் திரும்பி
ஒரு பக்கத்துக்கே போகப் பார்க்கிறது.
மறு வரிசையில்
விலை பாதிக்குக் குறைத்து எழுதியிருக்கிறது,
ஸ்டிக்கரைச் சுரண்டிய தடத்தின் மேலேயே.