அரை கிராம்

சுட்டுவிரலை நீட்டுங்கள் என்பேன்.
முதல் மடிப்பிலிருந்து நுனிவரை
ட்யூபைப் பிதுக்கினால் விழும் ஒரு வெள்ளைக் கோடு,
அதுதான் அரை கிராம்.
இரண்டு உள்ளங்கை அகலத் தோலுக்குப் போதும்.
பத்தொன்பது வருடமாக இதே வாக்கியம்,
இதே மேசை,
ஐஸ்லாந்தின் வடமேற்கு முனையில்,
மாதம் இரண்டு நாள்,
ஃபியோர்டுக்குள் விமானம் திரும்பக்
காற்று அனுமதித்தால்.

ஜெமோவித் வலக்கையை மேசைமேல் வைத்தான்.
சுட்டுவிரல் மடிப்போடு முடிந்திருந்தது.

ரெய்க்யாவிக்கிலிருந்து தொலைபேசியில் மொழிபெயர்ப்பவள்
(அவள் பக்கம் ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது)
நான் ஏன் பேச்சை நிறுத்தினேன் என்று கேட்டாள்.
அவன் போலிஷில் ஏதோ சொன்னான்.
அவள் சிரித்துவிட்டு, மன்னிப்புக் கேட்டுவிட்டு, சொன்னாள்:
"மிச்ச அரை கிராம்
காட் மீன் தலைகளோடு போய்விட்டதாம், டாக்டர்."

மற்ற விரல்கள் இருந்தன.
உறைக்குள் உறை, அதற்குள் வேர்வை,
வெளியே உப்பும் பனிக்கட்டியும் எட்டு மணி நேரம்,
இடைவேளைதோறும் சோப்பு.
முட்டிகளில் வெடிப்பு, வெடிப்புக்குள் சிவப்பு.
மை வற்றிய ஆற்றுப்படம் போல என்று எழுத நினைத்து
'நாள்பட்ட கை எக்ஸிமா' என்று எழுதினேன்.
நடுவிரலால் அளந்துகொள் என்றேன்.
எழுதிக் கொடுத்தேன், வலிமையானதையே.

அந்த வாரம்தான் சுகாதார இயக்ககத்திலிருந்து கடிதம்.
ஆயிரம் பேருக்கு எத்தனை ட்யூப் என்று
மாவட்டவாரியாகத் தூண்கள்.
எங்களுடையது செம்மஞ்சள்,
பக்கத்துத் தூண்களின் தலைக்குமேல்
தனியே எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறது.
காரணம் தெரிவிக்கவும்.
'மீன்' என்று ஒரே சொல்லில் பதில் எழுதினேன்.
அழித்தேன்.

எப்படி விளக்குவது?
மருந்துக்கடை ஸ்டெயின்வோரின் இயந்திரம்
எல்லா ட்யூபிலும் 'மெல்லியதாக' என்றே அச்சடிக்கிறது.
அந்தச் சொல்லுக்குப் பயந்து
கண்ணுக்குத் தெரியாத அளவு தடவுகிறார்கள்.
ஆறுவதில்லை. திரும்பி வருகிறார்கள்.
திரும்ப எழுதுகிறேன்.
தூண் வளர்கிறது.
பயமும் தூணை வளர்க்கும் என்பதற்கு
அந்த வரைபடத்தில் நிறமில்லை.

புது ஊசி இருக்கிறது. விலை ஒரு பழைய காருக்குச் சமம்.
ஒன்பது பக்கப் படிவம்.
முந்தைய மூன்று சிகிச்சைகளிலும்
நோயாளி தோற்றிருக்க வேண்டும் என்கிறது.
நோயாளியாம்.

மார்ச்சில் அவன் வந்தான்.
முட்டிகள் மூடியிருந்தன.
எப்படி அளந்தாய்?
"லிகாயாவின் விரலால்."
வரிசையில் அவனுக்கு அடுத்து நின்று
மீனில் முள் எடுப்பவள், பிலிப்பைன்ஸ்காரி.
ஷிஃப்ட் முடிந்ததும் லாக்கர் அறைப் பெஞ்சில்
தன் விரலில் பிதுக்கி
அவன் புறங்கையில் தேய்த்துவிடுகிறாள்.
அவளுக்கும் நேரம் வாங்கியிருக்கிறேன், என்றான்,
எனக்கு அடுத்தது அவள்தான்.

லிகாயா இதற்குமுன் வந்ததில்லை.
வந்தால் அரைநாள் கூலி போகும்.
பைக்குள்ளிருந்து இரண்டு கைகளையும் எடுத்தாள்.
ஒன்பது விரல்கள் பிளந்திருந்தன.
பத்தாவது, வலது சுட்டுவிரல்,
வழவழவென்று,
வேறு யாருடையதோ போல.

"அவனுடையது தீர்ந்துபோகும் என்று
எனக்குத் தடவிக்கொள்ளவில்லை" என்றாள்.
ஆங்கிலத்தில் சொன்னாள், மொழிபெயர்ப்பவள் தேவைப்படவில்லை.
தொலைபேசியை வைக்க மறந்திருந்தேன்,
அந்தப் பக்கம் குழந்தை தூங்கிவிட்டது போலும்.

இரண்டு ட்யூப் எழுதினேன். பெரியது.
'மெல்லியதாக' என்பதைப் பேனாவால் அடிக்கும்படி
ஸ்டெயின்வோருக்கு ஒரு துண்டுச்சீட்டு.
பிறகு வழக்கம்போல
விரலை நீட்டுங்கள் என்று தொடங்குவதற்குள்
நீட்டிவிட்டாள்,
ஆறிய விரலை.
மடிப்பிலிருந்து நுனிவரை
நகத்தால் ஒரு கோடு இழுத்துக் காட்டி,
சரிதானே என்பதுபோல் பார்த்தாள்.

என் விரலைவிடச் சின்னது.
கணக்கில் அரை கிராம் வராது.
சரி என்றேன்.